மச்சினனுக்கு ஒரு டப்பா

காலை எட்டு பன்னிரண்டுக்குக் கல்கத்தா போகும் சியால்தா லோக்கலில், நான்காவது பெட்டியில் ஏறுகிறவர்கள் யாருக்கும் அரிப்பு என்பதே கிடையாது. கேட்டுப் பாருங்கள், அப்படித்தான் சொல்வார்கள். அரிப்பெல்லாம் அவர்களுடைய மச்சினன்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் சித்தப்பாக்களுக்கு. ஒருவர் தன் பசுமாட்டுக்கு என்று சொல்லி இரண்டு வருஷம் களிம்பு வாங்கினார். மாடு செத்த பிறகும் வாங்கினார்.

இந்த மச்சினன்களை நம்பித்தான் நிராபத ஹால்தார் இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தினார்.

ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய தொண்டை. சாக்தா ஸ்டேஷனில் ஏறுவார். தோளில் ஒரு ரெக்ஸின் பை, கையில் விசிறி மாதிரி அடுக்கிய நாலு டப்பா. கல்யாணி ஸ்டேஷன் தாண்டும் வரை வாயைத் திறக்க மாட்டார். கூட்டம் நெருக்கி, அக்குளும் தொடையிடுக்கும் வியர்த்து, எல்லோருக்கும் அரிக்க ஆரம்பிக்கும் நேரம் அவருக்கு அத்துபடி. சரியாக அப்போது தொண்டையைக் கனைத்து, பெட்டியில் இருக்கும் அத்தனை பேரையும் தாதா, அதாவது அண்ணா, என்று கூப்பிடுவார்.

"சொறியாதீங்க தாதா, சொறியாதீங்க! சொறியும்போது சொர்க்கம், சொறிஞ்சு முடிச்சா நரகம்! வட்டவட்டமா படருதா? விரலிடுக்குல வெந்து போகுதா? நகம் மஞ்சப் பூத்துப் பொடிப்பொடியா உதிருதா? தலையில செதில் செதிலா கொட்டுதா? பூர்ணிமா களிம்பு! காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நாலே நாள்! அஞ்சாம் நாளு உங்க பொண்டாட்டியே உங்களைப் பார்த்து யாருங்க நீங்கன்னு கேப்பாங்க!"

சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டித் தன் கையை நீட்டிக் காட்டுவார். பழுதில்லாத கை. ஒரு பொட்டு, ஒரு தேமல் கிடையாது. அந்தக் கைதான் அவருடைய விளம்பரப் பலகை. அந்தக் கையில் பூர்ணிமா களிம்பு ஒரு நாளும் பட்டதில்லை என்பதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆளைப் பார்த்ததும் வியாதி எங்கே இருக்கிறதென்று சொல்லிவிடுவார். பேனா மூடியைச் சட்டைக்குள் விட்டுக் குடைகிறவருக்கு முதுகில். பான்ட் பாக்கெட்டில் கையை விட்டுச் சில்லறை தேடிக்கொண்டே இருக்கிறவருக்கு, அந்தச் சில்லறை கடைசி வரை கிடைக்காமலே போகிறவருக்கு, சொல்ல வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்க்கிறவர் மீன் சந்தைக்காரர், சேற்றுப்புண். ஒரு டாக்டருக்கு இவ்வளவு கூர்மையான கண் இருந்தால் ஊர் உருப்பட்டிருக்கும். களிம்பு விற்கிறவருக்கு இருந்து என்ன பிரயோஜனம்? அவர் பிழைத்தார், அவ்வளவுதான்.

தொழிலில் அவருக்கு ஒரு தர்மம் உண்டு. வாங்குகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார். டப்பாவைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, ஜன்னலைப் பார்த்தபடியே நீட்டுவார். நாலு பேர் முழங்காலில் துண்டை விரித்துச் சீட்டாடும் இடத்தில், துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்து மேலே ஆட்டம் கலையாமல் வியாபாரத்தை முடிப்பார். "மச்சினனுக்கு" என்றால், "மச்சினன் சீக்கிரம் குணமாகட்டும் தாதா" என்பார். போன மாதமும் அதே மச்சினனுக்குத்தானே என்று கேட்கவே மாட்டார்.

கேட்காதது மட்டுமில்லை, அதில் அவருக்குப் பெருமை வேறு. "என்கிட்ட ஒரு தடவை வாங்கினவன் வேற ஆள்கிட்டப் போனதில்லை" என்று ஸ்டேஷன் டீக்கடையில் மார்தட்டுவார். குணமானவன் எதற்குத் திரும்பி வருகிறான் என்று அந்த டீக்கடையில் ஒரு பயலுக்கும் தோன்றவில்லை.

அப்படித் திரும்பி வருகிறவர்களில் முதல் இடம் பிமலேந்து சர்க்காருக்கு. ஏதோ ஒரு அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தர். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் பவுடர், மூன்றாவது ஜன்னலோரம். ஒன்பது வருஷமாக, மாதம் மூன்று டப்பா. வாங்கும்போது வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தைதான் வரும்: "மச்சினனுக்கு." ஒன்பது வருஷத்தில் இரண்டு பேருக்கும் நடந்த பேச்சு மொத்தமும் இதுதான். அவர் பெயர்கூட நிராபதருக்குத் தெரியாது. பவுடர் பாபு என்று மனதில் வைத்திருந்தார்.

களிம்பு எங்கிருந்து வருகிறது? படாபஜார் சந்து ஒன்றில் ஒரு மாடிப்படிக்கு அடியில் வெள்ளைக் களிம்பை வாளியில் அடைத்து விற்பார்கள். அதில் என்ன இருக்கிறதென்று விற்கிறவனும் சொல்லவில்லை, வாங்குகிறவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் நிராபதருக்கு நல்ல பழக்கம். வாளியிலிருந்து எடுத்து டப்பாவில் அடைத்து, முழு நிலா படம் போட்ட தாளை மூடியில் ஒட்டுவது மகள் புல்டியின் வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து அவள்தான் அடைக்கிறாள். "கையில பிளாஸ்டிக் பை மாட்டிக்கோ" என்பது அப்பாவின் கண்டிப்பு. இன்னொரு கண்டிப்பும் உண்டு. அந்த வீட்டில் மூன்று பேருக்கு மூன்று துண்டு. ஒருவர் துண்டை இன்னொருவர் தொட்டால் மனிதர் கூரையைப் பிய்த்துவிடுவார்.

புல்டிக்கு இருபத்து மூன்று வயதானபோது பஞ்சானன் என்ற தரகர் ஒரு ஜாதகத்தோடு வந்தார். பையன் திப்யேந்து மின்சார வாரியத்தில் வேலை. அப்பா அரசாங்க உத்தியோகம். மாடி வீடு.

"அவங்க கேப்பாங்களே, பொண்ணோட அப்பா என்ன பண்றாருன்னு. என்ன சொல்லட்டும்?" என்றார் பஞ்சானன்.

"மருந்து வியாபாரம்னு சொல்லு. பொய்யா அது?"

"பொய்யில்ல தாதா. ஆனா கேக்கறவங்களுக்கு நெசமா என்னன்னு தெரியாது. அதுதான் எனக்கும் வேணும்."

ஆஷாட மாதத்தில், நம் கணக்கில் ஆனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டுகிற மழையில், பெண் பார்க்க வந்தார்கள். நிராபதர் வாசலுக்கு ஓடி, வாயெல்லாம் பல்லாகக் கைகூப்பினார். முன்னால் வந்தவர் குடையை மடக்கிவிட்டு நிமிர்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கழுத்தில் பவுடர், மழையில் பாதி கரைந்து கோடு கோடாக.

பவுடர் பாபு!

ஒருவருக்கு, மருந்து வியாபாரி என்று நம்பி வந்த சம்பந்தி ரயிலில் டப்பா ஆட்டுகிறவன். இன்னொருவருக்கு, மாடி வீட்டு உத்தியோகஸ்தர் ஒன்பது வருஷமாகத் தொடையைச் சொறிகிறவர். இரண்டு பேரில் யார் வாயைத் திறந்தாலும் இரண்டு பேர் மானமும் சேர்ந்துதான் போகும். அது இருவருக்கும் ஒரே நொடியில் புரிந்துவிட்டது.

"வாங்க வாங்க" என்றார் நிராபதர், அவர் குடையைப் பார்த்து.

"நல்ல மழை" என்றார் பிமலேந்து பாபு, அவர் தோளுக்கு மேலே இருந்த காலண்டரைப் பார்த்து.

குழாயடியில் கால் கழுவினார்கள். பிமலேந்து பாபு பையிலிருந்து ஒரு சிவப்புக் கட்டம் போட்ட துண்டை எடுத்துக் காலைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், மகனிடம் கொடுத்தார். மகன் முகத்தையும் பிடரியையும் துடைத்து அம்மாவிடம் கொடுத்தான். அந்த அம்மாள் மினதி, நெற்றிக் குங்குமம் கலையாமல் ஒற்றி எடுத்து, ஈரத்தோடு மடித்து மறுபடி பையில் திணித்தாள். நிராபதர் அந்தத் துண்டு போன வழியைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரிக் கண். மினதிக்கு வளையலுக்கு அடியில் ஒன்று. பையனுக்குக் காலர் ஓரத்தில் அரை வட்டம் எட்டிப் பார்த்தது.

கடைசியாகக் கால் கழுவி வந்தவர் தடித்த சிரித்த முகக்காரர். "என் தம்பி சுகுமார்" என்றாள் மினதி. "இவருக்கு மச்சினன்."

நிராபதர் தன்னையறியாமல் கை கூப்பினார். ஒன்பது வருஷமாகக் குடும்பத்துக்குச் சோறு போட்ட மச்சினன்! எண்ணெய் தடவின மாதிரி மினுமினுவென்று தோல். ஒரு கீறல் கிடையாது.

"உடம்பு இப்ப பரவாயில்லைங்களா?" என்று கேட்டேவிட்டார்.

"எனக்கா? எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் சுகுமார்.

பிமலேந்து பாபுவுக்கு இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தும் நிற்காத இருமல்.

ரசகுல்லா வந்தது, புல்டி வந்தாள், உட்கார்ந்தாள். பையன் அவளைப் பார்த்து அசடு வழியச் சிரித்தான். பத்து நிமிஷம் தனியாகப் பேசட்டும் என்று விட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் சிரிப்பும் கேட்டது. மினதிக்கு மட்டும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"மருந்து வியாபாரம்னாங்களே, கடை எந்தப் பக்கம்?"

நிராபதர் ரசகுல்லாத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். காப்பாற்றியது பவுடர் பாபுதான்.

"மொத்த வியாபாரம். கடை கிடையாது. ஊர் ஊராப் போகும். எனக்குத் தெரியும், நல்ல பேரு" என்றார். சொல்லும்போதுதான் முதல் தடவையாக நிராபதர் முகத்தை நேராகப் பார்த்தார்.

நிச்சயம் ஆகிவிட்டது. இவ்வளவு சுலபமாக ஒரு சம்பந்தம் அந்த வட்டாரத்தில் முடிந்ததில்லை என்று பஞ்சானன் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

நம்மூரில் ஆடியில் கல்யாணம் என்றால் அடிக்க வருவார்கள். இங்கே வங்காளத்தில் அந்த மாதத்துக்கு சிராவணம் என்று பெயர், முகூர்த்தங்கள் மழையோடு மழையாகக் கொட்டும். நிராபதரின் மனைவி ஷெஃபாலிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒவ்வொரு சடங்காகச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தாள்.

"அன்னைக்குக் காலையில அவங்க வீட்டுல மாப்பிள்ளைக்கு மொதல்ல மஞ்சள் பூசுவாங்க. உடம்பு பூராவும் தேய்ச்சு, அதுல மிச்சத்தைக் கிண்ணத்துல எடுத்து இங்க அனுப்புவாங்க. மீனு, சேலை, இனிப்போட வரும். அவரு உடம்புல பட்ட மஞ்சளைத்தான் நம்ம புல்டிக்குப் பூசணும். நெனைச்சாலே எனக்கு அழுகை வருது!"

நிராபதர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். அவர் கண்ணுக்கு முன்னால் காலர் ஓரத்து அரை வட்டம் வந்து நின்றது. மினதியின் வளையல் வந்தது. அந்தச் சிவப்புத் துண்டு ஈரத்தோடு வந்தது.

பயந்த மனுஷன் அடுத்த திங்கள்கிழமை ரயிலுக்குப் போகாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார். திங்களும் வியாழனும் தோல் வியாதிக்காரர்களுக்கு. வரிசை மரத்தடி வரை நீண்டிருந்தது. போய் நின்ற பிறகுதான் கவனித்தார், முன்னால் நிற்பவர் மீன் சந்தைக்காரர். அவருக்கும் முன்னால் சீட்டாட்டக்காரர்களில் இரண்டு பேர். அந்தப் பக்கம் மாட்டுக்காரர். நான்காவது பெட்டியில் பாதி அங்கே இறங்கியிருந்தது. அத்தனை பேரும் ஆஸ்பத்திரிச் சீட்டை முகத்துக்கு நேரே பிடித்துப் பரீட்சைக்குப் படிப்பது மாதிரி படித்துக்கொண்டிருந்தார்கள். நிராபதரும் தன் சீட்டைத் தூக்கிப் படிக்க ஆரம்பித்தார்.

உள்ளே இருந்தது சின்ன வயது டாக்டரம்மா. நிமிரக்கூட இல்லை.

"எங்க இருக்கு?"

"எனக்கு இல்ல தீதி. என் மச்சினனுக்கு" என்றார், தன்னைவிடச் சின்னவளை அக்கா என்று கூப்பிட்டு.

"மச்சினன் எங்க?"

"வேலைக்குப் போயிருக்கான்."

"தோலை மட்டும் கழட்டி உங்ககிட்டக் குடுத்தனுப்பலையா?"

பக்கத்தில் இருந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டரம்மா இழுப்பறையைத் திறந்து ஒரு பிடி டப்பாக்களை மேஜையில் கொட்டினாள். வகைவகையாக. நடுவில் முழு நிலா ஒன்று, புல்டி ஒட்டியது, ஓரம் மடங்காமல் நேர்த்தியாக.

"இதுல எதைத் தேய்க்கிறான் உங்க மச்சினன்?"

நிராபதர் நிலாவைத் தொட்டார்.

"நெனைச்சேன். இந்த வரிசையில பாதி பேரு இந்த நிலாதான். இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. மேல தெரியற சிவப்பை அமுக்கும், அரிப்பைத் தூங்க வைக்கும். பூஞ்சை அதுபாட்டுக்குப் பரவிட்டே இருக்கும். போயிடுச்சுன்னு இவன் நிறுத்துவான், ரெண்டு மடங்கா திரும்பி வரும், மறுபடி போய் டப்பா வாங்குவான். தோலு காகிதம் மாதிரி மெலிஞ்சு போகும். மாசக்கணக்குல சரியாப் போக வேண்டியதை வருஷக்கணக்குல இழுத்துட்டு வர்றாங்க. யாரு வித்தது இதை?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நாக்கு தானாகவே ஓடியது.

"ரயில்ல யாரோ ஒரு ஆளு, தீதி."

"அந்த ஆளைப் பார்த்தா சொல்லுங்க, அவன் பொண்ணுக்குத் தடவச் சொல்லி. வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. ஒருத்தருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தாப் போகாது. துண்டு ஆளுக்கொண்ணு. வெந்நீர்ல தொவைச்சு வெயில்ல போடணும். அடுத்தவங்க வரலாம்."

அவன் பொண்ணுக்கு. சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள் அந்தப் பெண். நிராபதர் மரத்தடி வரை நடந்து வந்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் எட்டு பன்னிரண்டில் ஏறினாரா என்றால், ஏறினார். கல்யாணி தாண்டியதும் கனைத்தார். சொறியாதீங்க தாதா என்றார். மகள் கல்யாணம் வருகிறதே, என்ன செய்வது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனுஷனுக்கு ஒரு சமாதானம் கிடைக்காமல் போகுமா? மூன்றாவது ஜன்னலோரம் மட்டும் அவர் போகவில்லை. பிமலேந்து பாபுவே எழுந்து கதவோரம் வந்து, வெளியே பார்த்தபடி கையை நீட்டினார். நிராபதரும் வெளியே பார்த்தபடி டப்பாவை வைத்தார். சம்பந்தி என்ற சொல் இரண்டு பேர் வாயிலும் வரவில்லை.

கல்யாண நாள் காலை. பந்தல் ஒழுகியது. பத்து மணிக்குச் சங்கு ஊதி, குலவையிட்டு, மாப்பிள்ளை வீட்டுச் சீர் வந்து இறங்கியது. சேலை உடுத்தி மூக்குத்தி மாட்டிய பெரிய ரோகு மீன் ஒன்று தாம்பாளத்தில் மணப்பெண் மாதிரி படுத்திருந்தது. தயிர் சட்டி, இனிப்பு, சீப்பு, கண்ணாடி. நடுவில் வாழையிலை மூடிய பித்தளைக் கிண்ணம்.

நிராபதர் முன்னோருக்குச் செய்யும் சடங்கில் பட்டினியோடு உட்கார்ந்திருக்க வேண்டியவர். புரோகிதர் எள்ளைத் தேடித் திரும்பிய நேரத்தில் எழுந்தார். பெண்கள் மீனின் மூக்குத்தியை வியந்துகொண்டிருந்தார்கள். கிண்ணத்தைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு சமையல்கட்டின் பின்புறம் போனார். காலையிலேயே அம்மியில் கொஞ்சம் மஞ்சள் அரைத்து ஒரு மூலையில் ஒளித்து வைத்திருந்தார். கிண்ணத்தைக் கவிழ்த்து, விரலால் படாமல் ஒரு சிரட்டையால் வழித்து வழித்துச் சாக்கடையில் தள்ளினார்.

"பாபா."

கையும் களவுமாகத் திரும்பினார். புல்டி, சிவப்புக் கரை போட்ட சேலையில், மஞ்சளுக்குக் காத்திருக்கும் வெறும் கழுத்தோடு.

"அது அவங்க வீட்டு மஞ்சளா? என்ன பண்றே நீ? கொட்டவே கூடாதுன்னு அம்மா கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னாளே!"

"மெதுவாப் பேசு." அவர் நாலு பக்கமும் பார்த்தார். "அந்த வீட்டுல எல்லாருக்கும் படை இருக்கு. பையனுக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க அப்பா என்கிட்டத்தான் வாங்கறாரு."

"எத்தனை நாளா?"

நிராபதர் சிரட்டையைப் பார்த்தார். "ஒன்பது வருஷம்."

புல்டி கெட்டிக்காரி. அவளுக்குக் கணக்குப் போட ரொம்ப நேரம் ஆகவில்லை.

"நான் அடைச்ச டப்பா. ஒன்பது வருஷமா தேய்ச்சிருக்காங்க. போகல."

"அது வந்து, துண்டு ஒண்ணா வெச்சுக்கறாங்க, அதனால..."

"எனக்கு ஏழாவது படிக்கும்போது கணுக்கால்ல வட்டமா வந்துதே, ஞாபகம் இருக்கா? வீட்டுல வாளி நெறைய களிம்பு இருந்துச்சு. நீ அதைத் தொடவே விடல. என்னைச் சைக்கிள்ல வெச்சு ராணாகாட்டு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனே. மழையில. எங்க அப்பாவுக்கு என் மேல எவ்வளவு பாசம்னு அன்னைக்கு நெனைச்சேன்."

"பாசம்தாம்மா."

"அப்போ என் மாமனாரு தோலு தோல் இல்லையா?"

உள்ளேயிருந்து ஷெஃபாலியின் குரல், "கிண்ணத்தைக் காணோமே! யாராவது பார்த்தீங்களா?" என்று அலறியது. புல்டி குனிந்து, கிண்ணத்தைக் கழுவி, ஒளித்து வைத்திருந்த மஞ்சளை எடுத்து அதில் போட்டு, வாழையிலையை மேலே மூடினாள். டப்பா அடைத்துப் பழகிய கை, ஒரு சொட்டு ஓரத்தில் படவில்லை.

"மஞ்சளை மாத்திட்டே பாபா. மாப்பிள்ளையை என்ன பண்றதா உத்தேசம்? அவரையும் அம்மியில வெச்சு அரைச்சு மாத்துவியா?"

அவர் கையிலிருந்த சிரட்டையைச் சாக்கடை ஓரம் வைத்தார்.

"நல்ல மனுஷன் அவரு. எனக்குப் பிடிச்சிருக்கு. நான் போகத்தான் போறேன்" என்றாள். அப்புறம், "அந்த வீட்டுல என்னோட சேர்த்து ஆறு பேரு. ஆறு துண்டு வாங்கிட்டு வா. ஆறும் ஆறு நிறத்துல" என்றாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவளே உள்ளே போனாள். "இங்கதான் இருந்துச்சும்மா, ஏன் கத்தறே" என்று அவள் சொல்வது கேட்டது.

மஞ்சள் பூசினார்கள், குலவையிட்டார்கள், கல்யாணமும் நடந்தது. சீர்ப் பெட்டியில் மேலாக ஆறு நிறத்தில் ஆறு துண்டு இருந்ததைப் பார்த்து, "இது என்ன, ஜவுளிக்கடையா?" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிமலேந்து பாபு மட்டும் சிரிக்கவில்லை.

எட்டாம் நாள் வழக்கப்படி பெண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்தார்கள். ஷெஃபாலி இலிஷ் மீன் வாங்கிக் கடுகு அரைத்து ஆவியில் வேக வைத்திருந்தாள். மாப்பிள்ளை முள் எடுக்கத் தெரியாமல் திண்டாடி, மாமியாரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் பவுடர் இல்லை. காலருக்கு மேலே வட்டம் அப்படியே தெரிந்தது. அதைப் பற்றி அவருக்குக் கூச்சமும் இல்லை.

புல்டி ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அப்பா இருந்த அறைக்கு வந்தாள். தரையில் கவிழ்த்தாள். டப்பாக்கள். முழு நிலாக்கள் அறை முழுக்க உருண்டன.

"மாமனாரோடது அலுவலகப் பையில. மாமியாரோடது அரிசிப் பானையில. இவரோடது மீட்டர் பெட்டிக்குள்ள. கொழுந்தனோடது படுக்கைக்கு அடியில. இவரோட அத்தையோடது சாமி அலமாரியில, அன்னபூரணிக்குப் பின்னால. ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தரு ஒளிச்சு வெச்சிருக்காங்க பாபா. தனக்கு மட்டும்தான்னு ஒவ்வொருத்தரும் நெனைச்சிட்டு, ஒரே துண்டுல மூஞ்சி தொடைச்சிருக்காங்க."

நிராபதர் காலடியில் நின்ற ஒரு டப்பாவைக் காலால் தள்ளினார்.

"நேத்து எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். மொதல்ல குதிச்சாங்க. நானும் வரிசையில நிக்கறேன்னு சொன்னப்புறம் வந்தாங்க. டாக்டரம்மா மாத்திரை குடுத்தாங்க, களிம்பு குடுத்தாங்க. ஆளாளுக்குத் துண்டு. வெந்நீர் போட்டுத் தொவைக்கறது என் வேலை. ரொம்ப நாளு ஆகுமாம், நடுவுல நிறுத்தவே கூடாதாம்." அவள் லேசாகச் சிரித்தாள். "மாமனாரு உன்கிட்டச் சொல்லச் சொன்னாரு. மச்சினனுக்கு வைத்தியம் ஆரம்பிச்சாச்சாம்."

நிராபதருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருந்தது. கேட்காமல் இருக்கப் பழகிய ஆள், அன்றைக்குக் கேட்டார்.

"அந்த டாக்டரம்மா... யாரு வித்ததுன்னு கேட்டாளா?"

"கேட்டாங்க."

"அவங்க எல்லாரும் இருக்கும்போதா?"

"எல்லாரும் இருக்கும்போதுதான். மாமனாரு தரையைப் பார்த்தாரு. நான்தான் பதில் சொன்னேன்."

"என்னன்னு சொன்னே?"

புல்டி குனிந்து டப்பாக்களைப் பொறுக்கிப் பையில் போட ஆரம்பித்தாள். அப்பா முகத்தைப் பார்க்கவில்லை.

"வேற என்ன சொல்றது? ரயில்ல யாரோ ஒரு ஆளுன்னு சொன்னேன்."

தன் நாக்கில் எவ்வளவு சுலபமாக வழுக்கிக்கொண்டு போன வார்த்தை! அதே ஆஸ்பத்திரியில், அதே மேஜைக்கு முன்னால் அவரும் அதைச் சொன்னார் என்பது மகளுக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு பெட்டி முழுக்க ஹால்தார் தாதா என்று கூப்பிட்ட மனுஷன். பெற்ற பெண் அவரை யாரோ ஒரு ஆளாக்கித்தான் அவர் மானத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அது சுரீரென்று உறைத்தது. எந்தக் களிம்பாலும் அமுக்க முடியாத இடத்தில் உறைத்தது.

"சாப்பிட வாங்க, மீன் ஆறுது" என்று ஷெஃபாலி கூப்பிட்டாள். புல்டி எழுந்து போனாள். அவர் உடனே எழுந்திருக்கவில்லை. கட்டிலுக்கு அடியில், மூடி போட்ட வாளியில், களிம்பு இன்னும் பாதி இருந்தது.